வளராத செடி

கஞ்சா விற்பதைச் சட்டம் அனுமதித்த அந்த மாநிலத்தின் பதிவேட்டின்படி, லொரெய்னின் கஞ்சாக் கடையில் நூற்றுப் பதினாறு செடிகள் இருக்கவேண்டும். பின்கட்டில், விளக்குகளுக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்தவை நூற்றுப் பதினைந்து. அந்த ஒன்று கணக்கில் சேராவிட்டால் மாலை ஐந்து மணியோடு கடையின் உரிமம் போய்விடும். மணி மூன்றாகிவிட்டது.

அந்தச் செடி எங்கேயும் ஓடிப்போகவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில், நீல அடையாளப் பட்டையோடு ஜம்மென்று நின்றது. பிளாஸ்டிக் செடி. கடை திறந்த அன்று, பட்டையைப் படிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, அவள் கணவன் வெர்ன் ஒரு பட்டையை இதில் மாட்டி, செடி என்று பதிந்துவைத்தான். ஒவ்வொரு வருஷமும் அதையும் சேர்த்தே எண்ணிக் காட்டியிருக்கிறான், மகராசன். போன இலையுதிர்காலத்தில் அவன் இறந்துபோனான். இந்த வருஷம் எண்ணியவள் லொரெய்ன்; பிளாஸ்டிக்கை அவள் சேர்க்கவில்லை.

"தொட்டுப் பாருங்க தம்பி. பிளாஸ்டிக்."

ஆய்வாளர் கிளின்ட் தொட்டுப் பார்த்தான். "பிளாஸ்டிக்தான் மேடம். ஆனா பதிவுல செடின்னு இருக்கே."

"அப்ப பதிவை அழிங்க."

"செடியை அழிச்சாத்தான் பதிவு போகும். பொடியா வெட்டி, பாதிக்குப் பாதி காப்பிச் சக்கை கலந்து, கேமரா முன்னால கொட்டணும்."

"பிளாஸ்டிக்கை யாராவது திருடிப் புகைச்சிடுவாங்கன்னா?"

"சட்டம் மேடம்."

"உங்கம்மா முட்டிவலிக் களிம்புக்கு மாசாமாசம் இங்கதான் வர்றாங்க. கடையை மூடினா நீங்கதான் பக்கத்து ஊருக்கு வண்டி ஓட்டணும்."

"அதுக்குத்தான் மேடம் மூணு மணிக்கே வந்தேன்."

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். பிளாஸ்டிக் அவ்வளவு லேசில் வெட்டுப்படவில்லை. ஒவ்வொரு இலைக்கும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செடியை வெர்ன் தினமும் துடைப்பான். தூசியோடு அவள் வெட்டிப் போட்டாள். காலையில் போட்ட காப்பியின் சக்கையைக் கொட்டிக் கிளறினாள். மூலையிலிருந்த கேமரா சிவப்பாக விழித்துக்கொண்டிருந்தது.

கிளின்ட் படிவத்தை நிரப்பினான். "அழிச்சதுக்குக் காரணம் கேக்குது மேடம். நோய், பூச்சி, வளர்ச்சியில்லை, செத்துப்போச்சு. பிளாஸ்டிக்னு ஒண்ணு இல்லை. எதைப் போட?"

அதுவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வெட்டியவள், வெறும் தொட்டியின் தூசியை விரலால் துடைத்தாள்.

"எதை வேணா போடுங்க தம்பி. செத்துப்போச்சுன்னு மட்டும் போடாதீங்க."

அவன் 'வளர்ச்சியில்லை' என்று போட்டான். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புதுப்பித்த உரிமம் வந்துவிட்டது.