இறங்காத முள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. வீட்டு வாசலில் கார் ஒரு பக்கம் தூக்கி நின்றது. முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். சக்கரம் இருந்த இடத்துக்குள் கணவனின் தலை போயிருந்தது. கால்கள் தெருவில் நீட்டிக் கிடந்தன.

அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன். ஐந்து மணிக்குள் மேற்பார்வையாளர் கூப்பிடுவார்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். நாளை முதல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. இனி இரவு வேலை கிடையாது. ஒரே நிபந்தனை, கையில் வண்டி இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது.

வண்டி வெள்ளிக்கிழமை பாலத்தின் மேல் நின்றுபோனது.

அந்தக் காரில் ஹீட் முள் பொய் சொல்லும். இவர்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே அப்படி. எஞ்சின் குளிர்ந்து கிடந்தாலும் முள் சிவப்புக்கு ஏறி நிற்கும். முள்ளுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். கணவன்தான் சொல்லிக்கொடுத்தான். கிளட்ச், கியர், பிரேக்குக்கு அடுத்த பாடம் அது. சரி செய்துவிடலாமே என்று அவள் கேட்டதுண்டு. தட்டினால் வேலை செய்கிற பொருளுக்கு ரிப்பேர் எதற்கு என்றான்.

வெள்ளிக்கிழமை முள் ஏறியது. தட்டினாள். இறங்கவில்லை. பேனாவால் தட்டினாள். பாலத்தில் ஏறும்போது உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள். ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் எப்போதோ ஒழுகிப் போயிருந்தது.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு சார். வேற எஞ்சின் போடணும். இல்ல, எடைக்குப் போடணும்."

கணவன் அவரை அனுப்பிவிட்டு எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றினான்.

"வாடகைக்கு ஒரு கார் சொல்லிடறேங்க," என்றாள் அவள். "சாயங்காலம் கடையை மூடிடுவாங்க. நாளைக்கு லீவு."

"நம்ம வண்டி இருக்கும்போது அடுத்தவன் வண்டி எதுக்கு? ஒரு நாள் பொறு. ஊறினா தானா விடும்."

பொறுத்தாள்.

இன்று காலையிலிருந்து அவன் எஞ்சினைக் கையால் சுற்றப் பார்க்கிறான். எஞ்சினின் ஓரத்தில் பெல்ட் மாட்டிய ஒரு சக்கரம், புல்லி. அதன் நடுவில் பெரிய போல்ட். அதில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினால் புல்லியும் பெல்ட்டும் எஞ்சினும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை. மதியம் அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டான். அண்ணன் தன் சரக்கு வேனில் ஓர் இரும்புக் குழாயோடு வந்தான். குழாயை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி நீளமாக்கி, இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். குழாய் வளைந்தது.

"மாப்ள, இது எஞ்சினா, எங்க வீட்டு ஆளுங்க பிடிவாதமா?" என்றான் அண்ணன்.

"உங்க வீட்டு ஆளு ஓட்டின வண்டிதானே மச்சான். ஒட்டிக்கிச்சு."

"என்ன சொன்னீங்க?" என்றாள் அவள்.

கணவன் தலையை வெளியே எடுக்கவில்லை. "ஒண்ணுமில்ல."

"எங்க அண்ணன்கிட்ட ஏன் சொல்றீங்க? என்கிட்டயே சொல்லுங்க."

"சரி, சொல்றேன். ரெண்டு தட்டுல இறங்கலன்னா வண்டியை நிறுத்தணும்னு தெரியாதா?"

"எத்தனை தட்டுன்னு நீங்க சொல்லித் தரலையே."

அண்ணன் குழாயைத் துணியால் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"மாப்ள, கீழ அழுத்தினாதானே வளையுது? மேல தூக்குவோம். என் வேன் ஜாக்கியை அடியில குடுத்து ஏத்தினா யானையே எந்திரிக்கும்."

கணவன் வெளியே வந்தான். குழாயைப் பார்த்தான். ஜாக்கியைப் பார்த்தான்.

"இது காலையிலயே தோணாமப் போச்சே."

குழாயைத் திருப்பி, வளைந்த நுனிக்கு அடியில் ஜாக்கியை வைத்தார்கள். அண்ணன் ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றினான். குழாய் முனகியது. கார் மொத்தமும் லேசாக நடுங்கியது. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். இன்னொரு சுற்று. பட்டென்று ஒரு சத்தம்.

"நகருது!" கணவன் உள்ளே பாய்ந்தான். "மச்சான், நகருது!"

குழாயை உருவிவிட்டு வெறும் ஸ்பேனரால் சுற்றினான். ஒரு கையே போதுமாக இருந்தது.

"வழுக்கிட்டுப் போகுது மச்சான்!"

"எடைக்குப் போடணுமாம்ல! அந்த மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து நிக்க வெச்சுக் காட்டணும்."

கணவன் சிரித்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறான். அவள் படியிறங்கி வந்தாள். நாளைக் காலை முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்றுகூட நினைத்துவிட்டாள். திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து பார்த்தாள்.

"சுத்துறீங்களா?"

"சுத்திக்கிட்டேதானே இருக்கேன்."

"பெல்ட் அப்படியே நிக்குதே."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கிறேன். புல்லியும் நிக்குது."

உள்ளே சத்தம் நின்றது. கணவன் மெல்ல வெளியே வந்தான். ஸ்பேனரின் வாயில் போல்ட் இருந்தது. முழுசாக, கழன்று, எண்ணெய்ப் பளபளப்போடு.

காலையிலிருந்து முறுக்கிய திசைக்கு எதிர்த் திசையில் ஜாக்கி தூக்கியிருக்கிறது. எஞ்சின் இம்மியும் அசையவில்லை. அது அசையாமல் பிடித்துக்கொண்டதால்தான் போல்ட் கழன்றிருக்கிறது.

அண்ணன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கணவன் போல்ட்டை வீசக் கை ஓங்கினான். வீசவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

"திருப்பி மாட்டிடலாம்," என்றான். "மாட்டிட்டு, ஜாக்கியை அந்தப் பக்கமா வெச்சு..."

"விடுங்க மாப்ள."

"இல்ல மச்சான், இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்தி ராத்திரி பூரா ஊறினா..."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் அவள். "நேத்து கடை திறந்திருந்துச்சு."

போன் அடித்தது. அவள் உடனே எடுக்கவில்லை. அடித்து ஓயும் நேரத்தில் எடுத்தாள்.

"சொல்லுங்க மேடம்."

"நாளைக்கு உன் பேரைத்தான் போட்டிருக்கேன். நீ முடியாதுன்னா இன்னொருத்தி காத்துக்கிட்டிருக்கா. வண்டி தயாரா?"

கணவன் தரையில் உட்கார்ந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான். நெற்றியில் கிரீஸ்.

"தயார்னு சொல்லு," என்றான் தணிந்த குரலில். "நான் பாத்துக்கிறேன். சொல்லு."

"யாரும்மா அது பக்கத்துல? அவரை விடு, நீ சொல்லு. வண்டி இருக்கா, இல்லையா?"