சுகர் எண்ணூறு

வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு மாமியார் வீட்டுத் தேக்கு அலமாரியை மாடிக்கு ஏற்ற வேண்டும். மனைவி காலையிலேயே அங்கே போய்விட்டாள்.

போன வருஷம் பாராகிளைடர் என்ற துணி றெக்கையில் பறந்து இறங்கும்போது அவருக்குக் கணுக்கால் பிசகியது. அன்றே மனைவி சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை அந்த றெக்கையக் கண்ணுல பார்த்தேன், நறுக்கி ஜன்னலுக்குத் திரை தைச்சிருவேன்." விற்றுவிட்டேன் என்றார். றெக்கையோ ஏதோ ஓர் அடுக்குமாடியின் லிஃப்ட் மெஷின் ரூமில் சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

உயரம் காட்டும் கருவியைத்தான் நிஜமாகவே விற்றிருந்தார். அதனால் மனைவியின் டேப்லெட்டை எடுத்து, பறப்பவர்களுக்கான ஆப் ஒன்றை ஏற்றி, மடிக்கு மேலே கட்டிக்கொண்டார். உயரத்தை அதில் ஒரு பெண் குரல் சொல்லும். ஏறினால் 'பீப் பீப்'. இறங்கினால் நீளமாக ஒரே ஊளை.

நல்ல காற்றில் வட்டமடித்து ஏறிக்கொண்டிருந்தபோது டேப்லெட்டில் மணி அடித்தது. தானாகவே எடுத்தும் கொண்டது. 'அம்மா கூப்பிட்டா யாருமே எடுக்கறதில்ல' என்று மனைவி செய்துவைத்திருந்த ஏற்பாடு.

திரையில் மாமியார். காலமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர். மெக்கானிக் சட்டென்று கட்டைவிரலால் கேமராவை மூடினார். இணைப்பைத் துண்டிக்கலாம் என்றால் கையுறை போட்ட விரலைத் திரை மதிக்கவில்லை. இன்னொரு கை றெக்கையைத் திருப்பும் இரண்டு பிரேக் கயிறுகளையும் பிடித்திருந்தது.

"மாப்ளே, ஒரே இருட்டா இருக்கே. வலி எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன் அத்தை."

"அதென்ன புஸ்ஸுன்னு சத்தம்?"

"ஏசி."

பீப் பீப் பீப்.

"ஐயையோ, மானிட்டர் வச்சிருக்காங்களா? வயித்து வலிக்கா?"

"சும்மா... ஒரு இதுக்கு."

"எண்ணூறு" என்றது பெண் குரல்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"நர்சு அத்தை."

"எது எண்ணூறு? சுகரா? எண்ணூறு இருந்தா பேச்சே வராதே மாப்ளே!"

"எண்ணூற்று நாற்பது" என்றது பெண் குரல்.

"ஏறுதா?"

"ஏறுது அத்தை!" கொஞ்சம் பெருமையாகவே வந்துவிட்டது.

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"மேல போயிட்டிருக்கேன்."

"வாயக் கழுவுங்க! என்ன பேச்சு இது?"

"லிஃப்டுல அத்தை, லிஃப்டுல!"

"ஏய், இங்க ஓடி வாடி!" என்று மாமியார் உள்பக்கம் பார்த்துக் கத்தினார். "உன் வீட்டுக்காரருக்குச் சுகர் எண்ணூறத் தாண்டிருச்சு!"

அந்த நேரம் பார்த்துத்தான் காற்று கைவிட்டது. பீப் நின்றது. ஊளை தொடங்கியது, இடைவெளியே இல்லாமல். அந்தச் சத்தத்துக்கு வார்டில் என்ன அர்த்தம் என்று மாமியாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மாப்ளே! மாப்ளே! யாராவது டாக்டரக் கூப்பிடுங்களேன்!"

"ஒண்ணுமில்ல அத்தை, இறங்குது, இறங்கிட்டே இருக்கு..."

"எதுய்யா இறங்குது?"

கீழே மைதானம் தெரிந்தது. அதற்கு முன்னால் மின்கம்பி. ஒற்றைக் கையால் திருப்பி இறங்க முடியாது. விரலை எடுத்தால் றெக்கை திரையாகிவிடும். எடுக்காவிட்டால் கணுக்கால் இந்தத் தடவை மொத்தமாகப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை எடுத்தார்.

மாமியார் பார்த்தார். ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை. அவர் தலைக்கு மேலே வானத்தை அடைத்துக்கொண்டு சிவப்பும் மஞ்சளுமாக றெக்கை. குறுக்கே ஒரு காக்கை.

"எந்த ஆஸ்பத்திரி மாப்ளே, காக்காவெல்லாம் ரவுண்ட்ஸ் வருது?"

மெக்கானிக் இரண்டு கையாலும் கயிறுகளை இழுத்து, கம்பியைத் தாண்டி, ஓடி, தடுமாறி, புல்லில் உட்கார்ந்தார். ஊளை நின்றது.

"என்னம்மா ஆச்சு? அவர் எங்க? காட்டு!" மனைவியின் குரல்.

திரை இருண்டது. மாமியார் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவிட்டார். "ஒண்ணுமில்லடி, இறங்கிட்டா... இறங்கிருச்சு. சுகர்தான். இனிமே அவர் கண்ணுல சர்க்கரையே காட்டாத."

அப்புறம் திரையில் ஒரே ஒரு கண் தெரிந்தது. குரல் ரகசியமாக வந்தது: "அலமாரி இன்னும் கீழதான் இருக்கு மாப்ளே."

அன்று மாலை அலமாரி மாடி ஏறியது. இரண்டு வாரம் கழித்து, அங்கே வெளிச்சத்தை மறைக்கிறது என்று கீழே இறங்கியது. பிறகு கட்டில் கிளம்பியது. மெக்கானிக் மறுபேச்சுப் பேசவில்லை. நடுவில் கிடைத்த ஞாயிறுகளில் 'சுகர் டெஸ்ட்' என்று மலைக்குப் போய்வந்தார்.

"எங்கம்மா மேல உங்களுக்கு என்னங்க திடீர்ப் பாசம்?" என்று சர்க்கரை போடாத காபியை நீட்டினாள் மனைவி.

எதிரே மாமியார் தன் காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டிங் டிங் என்று கலக்கினார். "எப்படி மாப்ளே இருக்கு? ஏறுதா, இறங்குதா?"

"பரவால்ல அத்தை."

"இந்த ஜன்னல் மொட்டையா இருக்குல்ல? சிவப்பும் மஞ்சளுமா ஒரு திரை போட்டா..."

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"பீரோவ எந்தப் பக்கம் நகர்த்தணும் அத்தை?"