பெரிய கடைப் பருப்பு

கடை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே தரை அப்படிப் பளபளத்தது. நானும் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தேன். மெர்சி கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு எதிரே வந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இந்தக் கடை திறந்ததிலிருந்து, பென்னலூரில் எங்கள் மளிகைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கவும் கறிவேப்பிலை வாங்கவும்தான் ஆள் வருகிறது. மாதச் சாமான் எல்லாம் இங்கே. "அவங்க பருப்பு எப்டி கீதுன்னு பாத்துட்டு வாம்மா" என்று அப்பா அனுப்பியிருந்தார். "நம்மளுது நல்லாருந்தா ஜனம் திரும்பி வரும். அவங்களுது நல்லாருந்தா, கடைய மூடிட்டு எதனா கம்பெனில வாட்ச்மேனா நின்னுக்கறேன்."

மெர்சியும் நானும் ஒரே பெஞ்சில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள். மதிப்பெண்ணில் நான்தான் முந்துவேன். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் என்னிடம்தான் சொன்னாள். மளிகைக்காரர் மகள் எப்படி அங்கே போய் நிற்பது என்று நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. இப்போது அவள் நீலக் கோட்டில், நெஞ்சில் பெயர் குத்தி நிற்கிறாள். நடந்தால் ஷூ சத்தம் கேட்கிறது.

"இன்னாடி, வேவு பாக்க வந்தியா?"

"சும்மாதான்."

"பாரு, பாரு. பாக்கறதுக்கு பில்லு கெடையாது." சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

பருப்பு பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் அடுக்கியிருந்தது. எங்கள் கடையில் மூட்டை வாய் திறந்தே இருக்கும். கடித்துப் பார்க்காமல் யாரும் பருப்பு வாங்க மாட்டார்கள். என் கை தானாகப் பாக்கெட்டின் முனையைக் கிழித்தது. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, ஒன்றைப் பல்லில் வைத்தேன். டக்கென்று உடைந்தது, நன்றாகக் காய்ந்த பருப்பு. எங்களுடையது இப்படி உடையாது.

"இன்னாம்மா பண்ற?"

சூப்பர்வைசர். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கையை மூடிக்கொண்டேன். மெர்சி ஓடி வந்து பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

"கிழிஞ்சிகினு வந்த பாக்கெட்டு சார். நான்தான் எடுத்துத் தரச் சொன்னேன். என் ஃபிரண்டு சார், வேல கேட்டு வந்துகீறா. பருப்பு, புளி எல்லாம் இவளுக்கு அத்துப்படி."

பொய்கூட அவளுக்கு அழகாக வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். குரல் இளகியது. "திங்கக்கெழம வரச் சொல்லு."

மெர்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் வாசலுக்கு ஓடி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடையில் அப்பா தனியாக இருந்தார். "எப்டிம்மா கீது?"

மூடியிருந்த கையைத் திறந்தேன். வியர்வையில் பருப்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒன்றைப் பிய்த்தெடுத்துக் கடைவாயில் வைத்தார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. அவர் மெல்லாமல், என் முகத்தைப் பார்க்காமல், குனிந்தபடியே இருந்தார்.

"செருப்பு எங்கம்மா?" என்றார்.

அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன்.