மூட்டைக்கு எத்தனையாவது இடம்

இரண்டிலிருந்து பத்துவரை எழுதியாகிவிட்டது. ஒன்றாம் எண்ணுக்கு நேரே மட்டும் காலி. நடுவர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் துடைத்தார். மல்யுத்தப் பத்திரிகை ஒன்று தன் நூறாவது இதழுக்காக, தொழிலில் இருந்த ஐம்பது பேரிடம் எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்து வீரர்களை வரிசைப்படுத்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். முப்பது வருஷம் கோடு போட்ட சட்டையோடு ரிங்குக்குள் நின்றவருக்கு இது தண்ணீர் பட்ட பாடாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நாலு நாளாக அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையை விட்டு நகரவில்லை.

மற்ற ஒன்பது இடங்களுக்கு அவர் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டாமிடம் எஃகு மாமாவுக்கு. அறுபது வயதுவரை விழுந்து எழுந்த மனிதர், அதற்குமேல் காரணம் வேண்டுமா? மூன்றாமிடம் முதலைச் சகோதரர்களுக்கு. அண்ணனை மூன்றிலும் தம்பியை நாலிலும் போட்டால் தம்பி வீடு தேடி வந்து சண்டை பிடிப்பான் என்பதால் இருவருக்கும் ஒரே இடம். ஏழாமிடம் பல் டாக்டருக்கு. அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதை நடுவரின் கீழ்த்தாடையில் இருக்கும் இரண்டு கட்டுப்பற்களே சொல்லும்.

கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் எண்ணுக்கு நேரே 'பருந்து' என்று எழுதினார். ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அந்தக் காலத்தில் மல்யுத்தக் கம்பெனி வீரர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவள். யாருடைய மார்பு எத்தனை அங்குலம், யார் அதைக் கூட்டிச் சொல்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"பருந்தா?"

"அவன மாதிரி மேலேருந்து குதிச்சவன் வேற எவன் இருக்கான்?"

"மொத்தமா நாலு வருஷம் ஆடினவன். மத்த நாப்பத்தொம்பது பேரும் சிரிக்கப் போறாங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "இது என்னங்க, பட்டியலா பரிகாரமா?"

அவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

"இருபத்திரண்டு வருஷமா என்கிட்டயே சொல்லிச் சொல்லி அழறீங்க. நான் என்ன ஜட்ஜா, தீர்ப்பு சொல்ல? சொல்ல வேண்டியவன் பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல இருக்கான்."

அவர் பருந்திடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்குள் போகுமுன் மூட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள். ஜெயிக்கிறவன் சுவரொட்டியில் இருப்பான், தோற்கிறவன் சம்பளப் பட்டியலில் மட்டும் இருப்பான். மூட்டை தோற்பதற்கென்றே அமர்த்தப்பட்டவன். வருகிறவன் போகிறவனெல்லாம் தூக்கி எறிந்ததால் வந்த பெயர் அது. ஆனால் தூக்கி எறிவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எறியப்படுகிறவன் சரியான நொடியில் எம்பிக் கொடுக்காவிட்டால் எந்தப் பயில்வானாலும் நூற்றுப் பத்துக் கிலோவைத் தலைக்குமேல் தூக்க முடியாது. நேற்று வந்த நோஞ்சானைக்கூட மூட்டை பீமனாக்கிக் காட்டுவான். அடிபட்டுக் கிடப்பதில் அவனை மிஞ்ச ஆளே இல்லை. முன்வரிசையில் பெண்கள் அழுவார்கள். இவன் உடை மாற்றும் அறைக்கு வந்து, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு எத்தன பேரு அழுதாங்க அண்ணே?" என்று கேட்பான்.

கிடப்பவன் நடிக்கிறானா, நிஜமாகவே அடிபட்டுவிட்டானா என்று கூட்டத்துக்குத் தெரியக் கூடாது, நடுவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவர் குனிந்து, நாடி பார்ப்பதுபோல் அவன் கையைப் பிடிப்பார். அவன் ஒரு தடவை அழுத்தினால் நன்றாக இருக்கிறேன், ஆட்டம் நடக்கட்டும் என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

மூட்டை விளையாட்டுப் பிள்ளை. இரண்டு தடவை வேண்டுமென்றே அழுத்தாமல் கிடந்து, நடுவரின் முகம் வெளுப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் கண்ணடித்திருக்கிறான். அதுதான் வினையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நெரிசலான அரங்கில், பருந்து அவனைத் தூக்கிப் போட்டபோது விழுந்த சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. நடுவர் குனிந்து கையைப் பிடித்தார். கை அழுத்தவில்லை. மறுபடி இவரே அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. 'போக்கிரி, மூணாவது தடவையும் என்கிட்டயே வித்தை காட்டுறான்' என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்தார், அந்த வார்த்தைகளில்தான். நிமிர்ந்து, ரிங்கின் மூலைக் கம்பத்தின் உச்சியில் நின்ற பருந்தைப் பார்த்துத் தலையாட்டினார். பருந்து குதித்தான். நடுவர் தரையில் படுத்து, மூட்டையின் முகத்துக்கு நேரே முகம் வைத்து, பாயைத் தட்டி மூன்று எண்ணினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூட்டை எழுந்திருக்கவில்லை.

கழுத்து என்றார்கள். எந்த அடியில் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. கம்பெனி அறையில் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தபோது கேட்டது ஒரே கேள்விதான். கை அழுத்தினானா? "அழுத்தினான்" என்றார் நடுவர். வேலை இருந்தது, சின்னக் குழந்தைகள் இருந்தார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படியென்றால் அதுவரை நன்றாகத்தான் இருந்திருக்கிறான், பருந்து குதித்ததுதான் அவனைக் கொன்றது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். ஒரு மாதத்தில் பருந்து தொழிலை விட்டுப் போனான். ஒரு தலையாட்டலிலும் ஒரு சொல்லிலும் இரண்டு பேரைச் சாய்த்தவன் நான் என்று நடுவர் அன்றிலிருந்து நம்பினார்.

அதன் பிறகு ரிங்குக்கு வெளியே அவர் தரையில் குனிவதே இல்லை. கட்டிலுக்கடியில் உருண்ட மாத்திரை அங்கேயே கிடக்கும். செருப்பைக் காலாலேயே தேடுவார். ஒருமுறை தெரியாமல் குனிந்துவிட்டு, அலமாரிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இருட்டில் மூட்டையின் முகம் கண்ணடிக்கக் காத்திருப்பதைப் பார்த்தார். பேயில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? யார் கைகுலுக்கினாலும், கடைக்காரர் சில்லறையைக் கையில் வைத்தாலும், பேரக் குழந்தை விரலைப் பிடித்தாலும் அவர் கை ஓர் அழுத்தத்துக்காகக் காத்து நிற்கும்.

மனைவி சொன்ன பஸ்ஸில் ஏறினார். பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. பத்திரிகைக்காரப் பெண் ஐந்து மணிக்குள் கேட்டிருந்தாள்.

பருந்து ஒரு பெயிண்ட் கடையில் கவுண்டரில் இருந்தான். ஐம்பது வயதுக்குமேல் ஆகியிருந்தது. அந்த இறக்கை போன்ற தோள்கள் சரிந்திருந்தன, மூக்குக் கண்ணாடி கழுத்திலிருந்து ஒரு கயிற்றில் தொங்கியது. நிறங்களைக் கலந்து மூடிய டின்னைக் குலுக்கும் மெஷின் ஒன்று அவனுக்குப் பின்னால் இருந்தது. கை முழுக்க நீலம். நடுவரை உடனே அடையாளம் கண்டுகொண்டான். அவரை என்றாவது ஒரு நாள் எதிர்பார்த்திருந்தவன் மாதிரி ஆச்சரியமே படவில்லை.

"வாங்க அண்ணே. இளைச்சுட்டீங்க."

"நீ பெருத்துட்டே."

"ரெண்டு பேரையும் கலந்து பாதி பாதியா பிரிச்சா சரியா இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. நடுவர் பட்டியலை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார். பருந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழிருந்து மேலாகப் படித்தான். பல் டாக்டரிடம் வந்ததும் உதடு லேசாக விரிந்தது. உச்சிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

"இது எதுக்கு அண்ணே?"

வாசல் பக்கம் ஒரு பெண்மணி தன் டின்னுக்காகக் காத்திருந்தாள். பருந்து அவளுடைய டின்னை மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். கடகடவென்று கடையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் நடுவர் சொல்லி முடித்தார். ஒரே வாக்கியம்தான் என்று நினைத்தது ஏழெட்டு வாக்கியங்களாயிற்று. அவன் கை அழுத்தவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தேன். உன்னைப் பார்த்துத் தலையாட்டினேன். அப்புறம் பொய் சொன்னேன். நீ குதிக்கும்போது அவன் போயிருக்கலாம். உன்மேல் பழி விழுந்தது என்னால்தான். சொல்லச் சொல்லக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

பருந்து கையிலிருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும் அண்ணே."

"என்ன தெரியும்?"

"அவன் அழுத்தலன்னு." குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. "உங்களுக்குக் கை மாதிரி, எங்க ரெண்டு பேருக்கும் கால். நான் மேல ஏறி நின்னதும் அவன் வலது கால் நுனிய ரெண்டு தடவ ஆட்டுவான். தயாரா இருக்கேன், வான்னு அர்த்தம். வேற யாருக்கும் தெரியாது. அன்னிக்கு ஆட்டல."

மெஷின் குலுக்கிக்கொண்டே இருந்தது.

"ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு. மூணு விநாடி இருக்கும். கீழ அவன் கால், சுத்தி மூவாயிரம் பேரு எழுந்து நிக்கிறான். குதிக்காம இறங்கி வந்தா சிரிப்பானுங்க. அப்பத்தான் நீங்க தலையாட்டினீங்க. இது போதும்னு எடுத்துக்கிட்டேன். நாளைக்கு எவனாச்சும் கேட்டா உங்களக் காட்டிக்கலாம்னு அங்கயே, மேலயே, கணக்குப் போட்டேன் அண்ணே. போட்டுட்டுத்தான் குதிச்சேன்."

நடுவர் கவுண்டர்மேல் சாய்ந்து காதை அவன் பக்கம் கொடுத்தார்.

"அழுத்தினான்னு நீங்க சொன்னீங்க பாருங்க, பொய்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா எனக்கு உயிர் வந்துச்சு. தெரியாம நடந்துபோச்சு, பாவம் பருந்து என்ன பண்ணுவான்னு ஊரே சொல்லுச்சு. உங்க பொய்யிலதான் இத்தன வருஷமா குடியிருக்கேன்." அவன் ஒரு கந்தைத் துணியை எடுத்தான், துடைக்காமலே கீழே வைத்தான். "என் பொண்ணுக்குக் கல்யாண வயசு. இப்பவும் அவ தூங்கினா, கால் விரல் அசையுதான்னு பாத்துட்டுத்தான் நான் படுக்கப் போவேன். ஏம்ப்பா இப்படிப் பண்றன்னு கோவிச்சுக்குவா. என்னன்னு சொல்றது?"

நடுவர் பேருந்தில் வரும்போது திட்டு வாங்கத் தயாராக வந்தார். அடி விழுந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. இத்தனை வருஷமும் தனியாகச் சுமப்பதாக நினைத்திருந்த பிணத்தின் மறுபக்கத்தை இன்னொருவன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆறுதலாக இருக்க வேண்டும், இல்லை. பயமாக இருந்தது. நிறுத்தியிருக்கக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தைரியப்படுத்திக்கொண்டு அவனைக் கைவிட்டிருக்கிறார்கள்.

"என் பேர அடிச்சிடுங்க அண்ணே."

நடுவர் பேனாவை எடுத்து அடித்தார். கோணலாக விழுந்த கோட்டுக்குமேல் 'மூட்டை' என்று எழுதினார். காரணக் கட்டத்தில் பேனா முனை ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றுபோயிற்று. போன் அடித்தது. முப்பது வருஷக் கூச்சலில் பாதி செவிடானவர் அவர். ஸ்பீக்கரைப் போட்டுக் கவுண்டர்மேல் வைத்தார்.

"சார், நாலரை ஆயிடுச்சு. உங்க பட்டியல் மட்டும்தான் பாக்கி." பத்திரிகைக்காரப் பெண். "முதலிடத்த மட்டும் இப்பச் சொல்லிட்டீங்கன்னா அந்தப் பக்கத்த முடிச்சிடுவேன், மிச்சத்த அப்புறம் வாங்கிக்கறேன்."

"மூட்டைன்னு எழுதிக்கம்மா."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "இருக்காரு சார், பேரு இருக்கு. நானூத்திப் பதினோரு ஆட்டம். ஜெயிச்சது பூஜ்யம்னு காட்டுது. தப்பா இருக்குமோ?"

"தப்பில்ல."

"சரி சார். ஒருத்தர் கூட இவரச் சொல்லல, நீங்கதான் முதல் ஆளு. காரணம்? ரெண்டு வரி போதும்."

இரண்டு வரி நடுவரிடம் தயாராக இருந்தது. விழுகிறவன்தான் ஜெயிக்கிறவனை உண்டாக்குகிறான் என்று சொல்லலாம். உண்மையும்கூட, பத்திரிகைக்கும் பிடிக்கும். போனை வைத்துவிட்டுப் பஸ் ஏறலாம். எதிரே பருந்தும் அதே இரண்டு வரிக்காகத்தான் காத்திருப்பதுபோல் இருந்தது. மெஷின் நேரம் முடிந்து டக்கென்று நின்றது. கடையில் திடீரென்று அத்தனை அமைதி.

"சார்? லைன்ல இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா சார், மூச்சு சத்தம் கேக்குது."

வாசலில் நின்ற பெண்மணி தன் டின் தயாராகிவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். பருந்து கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நான் பருந்து பேசறேன்மா."

"எந்த... அந்தப் பருந்தா சார்?"

"அவனேதான். நடுவரும் இங்கதான் இருக்காரு. காரணத்த ரெண்டு பேரும் சேந்து சொல்றோம். அந்தக் கட்டத்துல அடங்காது, நீ வேற தாள் எடுத்துக்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடுவதும், எதையோ கிழிப்பதும் கேட்டன. பருந்து கையை எடுத்தான். போனின் கண்ணாடிமேல் அவனுடைய ஐந்து விரல்களும் ஈர நீலமாகப் பதிந்திருந்தன.