தங்கச்சிக்குச் சொந்தக் கை இல்லையோ?

1

"அம்மா, தங்கச்சிக்குச் சொந்தமாய்க் கை இல்லையோ?"

இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கேட்டவள் ஸ்ரெல்லா, வயது ஆறு. கேட்ட இடம் குருநகரில் ஒரு வீட்டுக் குசினி, அடுப்படி. 1990, சண்டை திரும்பவும் தொடங்குவதற்கு முந்திய மாதம். தங்கச்சி ஜெசிந்தாவுக்கு அப்போது இரண்டு வயது. பிஸ்கட் வேண்டுமென்றால் அவள் கேட்கமாட்டாள், விரலை நீட்டிக் காட்டவும் மாட்டாள். தமக்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அந்தக் கையைப் பிஸ்கட் பேணி மூடியில் வைப்பாள். தமக்கையின் முகத்தைப் பார்ப்பதேயில்லை.

தாய் லூர்த்தம்மா வெட்டிக்கொண்டிருந்த மீனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "விசர்க் கதை கதையாமல் எடுத்துக் குடுவன்."

கேள்வி மறந்துபோயிற்று.

2

[குண்டு வீசும் பிளேன் குருநகருக்கு மேலே இரண்டு முறை வட்டமடித்து…]

இப்படித் தொடங்கி நிறுத்திவிட்டேன். குண்டோடு தொடங்கினால், அப்போது எல்லாரும் நினைத்ததையே நீங்களும் நினைப்பீர்கள். ஆனாலும் அதைச் சொல்லாமல் தீராது.

ஆனி மாதம் ஒருநாள் லூர்த்தம்மா மண்ணெண்ணெய் வரிசையில் நின்றாள். பிள்ளைகள் இரண்டும் வீட்டில் தனியே. பிளேன் வந்தது. குண்டு இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்தது. அவள் ஓடிவந்தபோது ஜெசிந்தா பங்கர்ப் பதுங்குகுழியின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அன்றைக்குப் பிறகு பிள்ளை பேசவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். (அதற்கு முன்னும் பேசவில்லை. அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.)

புருஷனும் பிள்ளைகளுமாய்க் குடும்பம் இடம்பெயர்ந்து கரவெட்டிக்கு வந்தது. அங்கே ஜெசிந்தாவுக்குப் 'பயந்த பிள்ளை' என்று பெயராயிற்று. அந்த வருடங்களில் பேசாத ஒவ்வொரு பிள்ளைக்கும் சண்டை ஒரு காரணத்தை ஆயத்தமாய் வைத்திருந்தது. லூர்த்தம்மாவிடம் அதற்கு மேலும் ஒன்று இருந்தது: நான் விட்டிட்டுப் போனன். பாவசங்கீர்த்தனத்தில் அதை மூன்று தரம் சொன்னாள். சுவாமியார் மூன்று தரமும் மன்னிப்புக் கொடுத்தார். அவள்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

3

இனி, அவர்களுக்கு அறை கொடுத்த பத்மாவதி வருகிறாள். தோட்டக்காரர் தியாகலிங்கத்தின் பெண்சாதி. லூர்த்தம்மாவைவிடப் பத்து வயது மூப்பு. முதல் பிரதியில் இவளை அளவுக்கு மீறி நல்லவளாக எழுதிவிட்டேன். நம்ப முடியவில்லை. ஆகவே இம்முறை அவளுடைய வாயையும் சேர்த்து எழுதுகிறேன்.

பின்னேரம். மின்சாரம் இல்லாத காலம். தியாகலிங்கம் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றுகிறார். டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகிறது. ஜெசிந்தா சுழலும் சைக்கிள் சில்லுக்கு மூக்கு முட்ட இருக்கிறாள்.

"கெதியாச் சுத்துங்கோவன். செய்தி வாசிக்கிறவனுக்குத் தொண்டை அடைக்குது," என்றாள் பத்மாவதி.

"நீ வாய் மூடினால் அவன்ரை சத்தம் கேக்கும்."

அப்போது ஹெலி வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தியாகலிங்கத்தின் கை நின்றது. "தங்கச்சி, அங்கை பார், ஹெலி!" என்று ஸ்ரெல்லா விரலை நீட்டினாள். ஜெசிந்தா வானத்தைப் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. சில்லு மெல்ல மெல்ல நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெலி போனபின் பத்மாவதி சொன்னாள்:

"எடியே லூர்த்து, இஞ்சை வா. பயந்த பிள்ளை எண்டால் இப்ப முதல் ஓடவேண்டியவள் இவளெல்லோ? நானே ஓடப் பாத்தன். உவள் அசையவுமில்லை. குண்டு விழ முந்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாக்கிறவளோ?"

லூர்த்தம்மா யோசித்தாள். ஸ்ரெல்லா முந்திக்கொண்டாள்.

"இல்லை மாமி. முந்தியும் என்ரை கையாலைதான் எல்லாம் எடுப்பாள். நான் அம்மாட்டைக் கேட்டனான்."

பத்மாவதி சில்லுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"என்ரை தம்பி மார்க்கண்டுவும் உப்பிடித்தான்," என்றாள் பத்மாவதி. "அப்ப குண்டுமில்லை, பிளேனுமில்லை. பேய் எண்டு நூல் கட்டினம். அடிச்சும் பாத்தம். அவனுக்கு முன்னாலை ஒருநாள் குந்தியிருந்து, இவன் என்னத்தைப் பாக்கிறான் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை."

"அப்ப… நான் விட்டிட்டுப் போனதாலை இல்லையோ அக்கா?"

"இல்லையடி பிள்ளை. மண்ணெண்ணெய்க்குப் போறதாலை ஒரு பிள்ளையும் இப்பிடி ஆகாது."*

[லூர்த்தம்மா விம்மி விம்மி…]

வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. அன்று சோறு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

* இதற்கு ஓட்டிசம் (ஆட்டிசம்) என்று பெயர் இருப்பது இன்று உங்களுக்குத் தெரியும். அந்த முற்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. பத்மாவதியின் வாயில் அந்தச் சொல்லை வைத்தால் கதை பொய்யாகிவிடும். பேர் சொல்லியும் திரும்பாமை, நீட்டிய விரலின் வழியே பாராமை, பிறர் கையைக் கருவியாக எடுப்பது, சுழலும் சில்லிலேயே லயித்துக்கிடப்பது: இவற்றைக் காண்பதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் குந்த ஒரு ஆள் போதும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், தானாகச் சரிவரும் என்று இருந்துவிடாமல் விபரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வாசகரே, இந்த ஒரு புத்திமதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

4

அதன்பின் லூர்த்தம்மா பின்னாலிருந்து கூப்பிடுவதை விட்டாள். முன்னால் போய்க் குந்தினாள். சில்லைத் தானும் பார்த்தாள். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய கிழமை ஜெசிந்தா தாயின் கையை எடுத்துப் பெடலில் வைத்தாள். வைத்துவிட்டு, ஒருதரம் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கடனை நான் உங்களுக்கு என்னெண்டக்கா தீர்க்கிறது?"

"நீ மீன்காரி, நான் சைவம். எனக்குத் தர உன்னட்டை என்ன கிடக்கு? போ, கடன் கிடக்கட்டும்."

இரண்டு வருடத்தில் பத்மாவதியும் தியாகலிங்கமும் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கடன் கிடந்தது.

5

முடிவு ஒன்று: கோயில் பெருநாளன்று ஜெசிந்தா "அம்மா" என்கிறாள். எழுதினேன். அழகாய்த்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும் தாய் ஒருத்தி இதை வாசிக்கக்கூடும் என்று நினைத்துக் கிழித்தேன். ஜெசிந்தா பேசவில்லை. சிரித்தாள், தமக்கையோடு ஒரே பாயில் படுத்தாள், வீட்டில் எல்லாருக்கும் செல்லமாய் இருந்தாள்.

முடிவு இரண்டு: 1994. நெல்லியடிப் பக்கம், பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக். லூர்த்தம்மா புதுக் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். நிறை பார்த்து எல்லாரும் போய்விட்டார்கள். படியில் ஒரு இளம் தாய் மட்டும் இருக்கிறாள். அவளுடைய சின்னவன் ஒரு போத்தல் மூடியைச் சீமெந்தில் சுழற்றிக்கொண்டிருக்கிறான். அவள் நாலு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"செல் குண்டுச் சத்தத்திலை பயந்திட்டானக்கா," என்கிறாள், கேட்காமலே. "அண்டைக்கு நான்தான் இவனை விட்டிட்டு…"

வசனம் முடியவில்லை. ஒழுங்கை முனையில் கடைசி பஸ் ஹோர்ன் அடிக்கிறது. லூர்த்தம்மா பஸ்ஸைப் போகவிடுகிறாள். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, சின்னவனுக்கு முன்னால் குந்துகிறாள்.

என்ன சொன்னாள்? தெரியாது. அந்தத் தாயைத் தவிரக் கேட்க அங்கே ஒருவருமில்லை. கனடாவிலிருக்கும் பத்மாவதிக்கும் இது தெரியப்போவதில்லை. லூர்த்தம்மா வீட்டிலும் வாய் திறக்கவில்லை. நான் அந்தச் சொற்களைக் கற்பனை செய்து எழுதினால், கடன் தீர்ந்ததற்கு ஒரு சாட்சி வந்துவிடும். அவள் அதை விரும்பமாட்டாள்.

ஆகவே அந்தச் சொற்கள் உங்களுடையவை. எழுத வேண்டாம், தேவை வரும் நாளில் சொன்னால் போதும். இப்போது வாருங்கள், அவர்கள் கதைக்கட்டும். கிளினிக் வாசல் படலையைச் சத்தமில்லாமல் சாத்துங்கள்.