சுவர் ஓட்டிய வண்டி

பஸ் டிப்போவில் என் அக்காவுக்குப் பெயர் சுவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது டிப்போ சுவரை இடித்தாள். பிரேக் பிடிக்கவில்லை, குறுக்கே வந்த யாரையோ காப்பாற்றப் போய் இடித்தாள் என்றெல்லாம் கதை கட்ட எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. கண்ணாடியைப் பார்க்க மறந்தாள், இடித்தாள்.

சுவரை ஒரே வாரத்தில் பூசிவிட்டார்கள். பெயரைப் பூச ஆள் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டாள், ஒரு கீறல் கிடையாது. ஆனால் கண்டக்டர் விசிலோடு சேர்த்து, "சுவரு, ரைட்டு!" என்று கத்துவார். புதிதாக ஏறிய பயணி, "அதென்னங்க சுவர்?" என்று கேட்பார். கண்டக்டர் விளக்குவார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பஸ் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அக்கா பிரேக்கைத் தொட்டாலே, "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று பின்சீட்டில் ஒரு குரல் வரும்.

அதே டிப்போவில் இன்னொரு டிரைவருக்குப் பெயர் தங்கக்கை. நல்ல மனுஷன், ஓட்டுவதும் மோசமில்லை. சேர்ந்த முதல் நாள் மாமனார் போட்ட மோதிரத்தோடு வந்தார், அவ்வளவுதான் அந்தப் பெயரின் வரலாறு. மோதிரம் பிறகு அடகுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் விரலை விட்டு இறங்கவே இல்லை. அவர் பிரேக் போட்டு நாலு பேர் முன்சீட்டில் மோதிக்கொண்டால், "நல்ல வேளை, தங்கக்கை ஓட்டினாரு. வேற ஆளா இருந்தா நம்ம கதி?" என்று மூக்கைத் தடவிக்கொண்டே சொல்வார்கள்.

நான் கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறேன். அதாவது கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் பாடத்தில் வருமா என்று பேராசிரியரைக் கேட்டேன். அவருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் கொட்டாவி. அதனால் அவர் சொன்ன பதில் என் மனதில் பதியவில்லை.

இந்த நிலையில்தான் டிப்போவுக்குப் புது பஸ் வந்தது. இரண்டு பஸ்ஸை நடுவில் ரப்பர் மடிப்பு வைத்து ஒட்டிய மாதிரி, ஒரு தெரு நீளம். ஓட்ட ஒரே ஒரு டிரைவர்தான் வேண்டும். அக்காவுக்கு அந்த வண்டி மேல் ஒரு கண் இல்லை, இரண்டு கண்ணும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்து வளைத்து வளைத்துப் பார்ப்பாள்.

"ஏன்டி, அவ்ளோ பெரிய வண்டி உனக்கெதுக்கு? சின்னதே போதாதா?" என்றாள் அம்மா.

"சின்னதுல இடிச்சேன்னு பெருசு தரமாட்டேங்கறாங்கம்மா. நீயும் அவங்க கட்சியா?"

"நான் உன் கட்சிதான். ஆனா பயமா இருக்குல்ல?"

அம்மா எந்த வண்டியிலும் கண்ணை மூடியதில்லை. ஓடும் வண்டியில் தூங்கினால் டிரைவரும் தூங்கிவிடுவார் என்பது அவளுடைய ஆராய்ச்சி முடிவு.

மேனேஜர் ஒரு போட்டி வைத்தார். தங்கக்கை ஒரு சுற்று, சுவர் ஒரு சுற்று, ஒரே பாதை. பஸ் நிறைய ஆள் இருக்க வேண்டும் என்பதால் ஊழியர்களின் குடும்பங்களை ஏற்றினார். மணல் மூட்டை கேட்டாராம், கிடைக்கவில்லையாம். கடைசி சீட்டில் அவரே உட்கார்ந்து, மடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டார். யார் ஓட்டும்போது குறைவாகச் சிந்துகிறதோ அவருக்கு வண்டி.

"முதல்ல தங்கக்கை!" என்று உள்ளேயிருந்து அறிவித்துவிட்டு விசில் ஊதினார்.

நான் கடைசியாக ஏறப் போனேன். டிரைவருக்குத் தனி அறை, வெளியிலிருந்து தனிக் கதவு, பின்பக்கம் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கதவில் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள்.

"நீ ரெண்டாவதுதானே?"

"தங்கக்கை அண்ணனுக்கு வயித்தக் கலக்குதாம், பாத்ரூம் ஓடிட்டாரு. என்னை முதல்ல போகச் சொன்னாரு."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"சொல்றதுக்குள்ள விசில் ஊதிட்டாரு. நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு, புண்ணியமாப் போகும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உடன்பிறப்புக்காக ஒரு சுற்று இருந்து பார்ப்போம் என்று அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. "எப்படி எடுத்தாரு பாத்தியா, தூக்குல இருந்து பால் ஊத்தற மாதிரி" என்று முன்சீட்டு மெக்கானிக் மனைவியிடம் சொன்னார். மார்க்கெட் வளைவில் பின்பாதி முன்பாதியைப் பாம்புக்குட்டி மாதிரி தொடர்ந்து வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரு பந்து உருண்டு வர, பிரேக் விழுந்தது. வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் மேனேஜரின் ஷூவில் தெறித்தது.

"ரோடு அப்படிப்பா! இதுக்கே வேற கையா இருந்தா நான் குளிச்சிருப்பேன்" என்றார் மேனேஜர்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறிவியலை முன்னிட்டு விட்டுவிட்டேன்.

டிப்போவுக்குத் திரும்பியதும் யாரும் இறங்கவில்லை. முன்னால் கதவு சாத்தும் சத்தம் இரண்டு முறை கேட்டது. மேனேஜர் வாளியை நிரப்பச் சொல்லிவிட்டு, "அடுத்தது சுவர்! எல்லாரும் பிடிச்சுக்குங்க!" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். வண்டி நகரவே இல்லை, அதற்குள் ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் நான். நகம் பதிந்த தடம் என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

அதே பாதை, அதே மார்க்கெட் வளைவு. பின்பாதி கொஞ்சம் அதிகமாகவே வீசியது. பள்ளிக்கூட வாசலில் இந்த முறை ஒரு சைக்கிள். பிரேக் விழுந்தது. வாளி கவிழ்ந்து மேனேஜரின் பேன்ட் இடுப்பு வரை நனைந்தது.

"சுவர் சுவர்தான்யா!" என்று எழுந்து நின்று கத்தினார். "நான் அப்பவே சொன்னேன்! வண்டி தங்கக்கைக்குத்தான். இதுல இனிமே பேச்சே இல்ல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன். வண்டி டிப்போவுக்குள் வந்து நின்றது. எல்லாரும் இறங்கினோம். டிரைவர் கதவு திறந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி தங்கக்கை இறங்கினார்.

"சாரி சார். வயிறு சரியில்ல, கவனம் பூரா அங்கதான் இருந்துச்சு" என்றார் அப்பாவியாக. "முதல் ரவுண்டு அவங்க நல்லா ஓட்டினாங்கல்ல?"

மேனேஜரின் பேன்ட்டிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மார்க் சொல்லி முடித்த பிறகு மார்க் வாங்கிய ஆளைப் பார்க்கிற மாதிரி, டிப்போவில் காத்திருந்த அக்காவை அவர் பார்த்தார்.

"அந்த வளைவு ரெண்டாவது தடவை கொஞ்சம்…" என்று ஆரம்பித்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், முதல் ரவுண்டுல நான் தூங்கினேன். என் ஆயுசுல வண்டியில தூங்கினதே இல்ல. என் பொண்ணு ஓட்டி நான் தூங்கினேன் சார்! வேணும்னா இவனைக் கேளுங்க, இவன் சட்டையில எச்சில் இருக்கும்."

இருந்தது. காட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டத்தின் நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

தங்கக்கைதான் முதலில் கை தட்டினார். பிறகு பால் ஊற்றிய மெக்கானிக். மேனேஜர் சாவியை நீட்டினார். நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேரை மட்டும் இனிமே வேணாம்மா. புது வண்டி, ஜனங்க பயப்படுவாங்க. நல்லதா ஒண்ணு வெச்சுக்கலாம்" என்றார்.

"இடிச்சது நான்தானே சார்" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் இடிக்காததும் நான்தான். ரெண்டும் அந்தப் பேர்லதான் நடந்துச்சு. இருக்கட்டும்."

இப்போது ஸ்டாப்பில் நிற்பவர்கள், "அடுத்தது சுவர் வண்டி, அதுல போலாம், தூங்கிட்டே போலாம்" என்று முன்னால் வரும் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறார்கள். அம்மா வாரம் ஒரு முறை வேலையே இல்லாமல் ஏறி, கடைசி ஸ்டாப் வரை தூங்கிவிட்டு வருகிறாள். டிக்கெட் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே, "டிரைவர் என் பொண்ணு" என்கிறாளாம். கண்டக்டர் அதற்காக டிக்கெட்டை விடுவதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் பின்னால் எடுக்கும்போது அதே சுவரை, அதே இடத்தில் இடித்தான். கண்டக்டர் உற்சாகமாக, "டேய், இன்னொரு சுவரு வந்துட்டான்டா!" என்று கத்தினார்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"யோவ், வாய்க்கு வந்தபடி பேசாத. ஒரு இடி இடிச்சா அந்தப் பேரைக் குடுத்துடுவியா? முதல்ல ஓட்டட்டும், பாப்போம்."