ரூபாயில் வளர்ச்சி, டாலரில் தேய்வு

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கும் ஒரு காபிக் கடையில், பக்கத்து மேசையிலிருந்து என் காதில் விழுந்தது. நான் அப்போது ஒரு கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முதல் வாக்கியம் இது: 'ஒரு நாட்டின் சரக்கு ஏற்றுமதி மதிப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் நாம்—'

வேண்டாம். பக்கத்து மேசையில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத அதுதான் நன்றாக இருக்கும்.

2

பெண் தென்றல். வீடு வேங்கிக்காலில், தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். பையன் வளவன். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலையை உடைத்து, தரம் பிரித்து, மலேசியாவுக்கு அனுப்புகிறான். கூடவே அவன் அம்மா ரேணுகாம்பாள். [தென்றலின் பெற்றோரும் இருந்தார்கள். கடைசிவரை வாயே திறக்கவில்லை, அதனால் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.]

"இந்த வருஷம் எங்க கடலை ஏற்றுமதி நாலு பர்சென்ட் ஜாஸ்தி" என்றான் வளவன்.

"ரூபாயிலயா, டாலர்லயா?" என்றாள் தென்றல்.

"ரூபாயிலதாங்க."

"போன வருஷம் டாலர் எண்பத்தி நாலு, இப்ப தொண்ணூறுன்னு வெச்சுக்கங்க. அப்ப நூறு டாலர் சரக்குக்கு எட்டாயிரத்தி நானூறு. இப்ப தொண்ணூத்தியேழு டாலருக்கு அனுப்புனாலே எட்டாயிரத்தி எழுநூத்தி முப்பது வந்துடும். டாலர்ல கம்மி, ரூபாயில ஜாஸ்தி."*

ரேணுகாம்பாள் கேசரித் தட்டை நகர்த்தி வைத்தார். "இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தா புள்ளைக்குப் பரீட்சை வெக்கற?"

வளவனின் முகம் வாடி (அடித்துவிடுகிறேன். வாடவில்லை. அவன் செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.)

* நாட்டின் கணக்கும் இப்படித்தான். 'ஏற்றுமதி உயர்வு' என்று செய்தி வந்தால், எதில் உயர்வு என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் கட்டுரை சொல்ல வந்தது இவ்வளவுதான்.

3

தென்றல்மேல் எனக்கே ஒரு சந்தேகம். படிப்பவர்கள் இவளைத் திமிர்க்காரி என்று நினைத்துவிட்டால்? 'ரூபாயிலங்களா?' என்று தலைகுனிந்து கேட்பதுபோல மாற்றி எழுதிப் பார்த்தேன். படு மோசம். பழையபடியே விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்றலும் வளவனும் மட்டும் வந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"டாலர்ல மூணு பர்சென்ட் கம்மிதாங்க, ஒத்துக்கறேன்" என்றான் வளவன். "ஆனா எடைய பாத்தேன். டன் கணக்குல போன வருஷத்தவிட ஜாஸ்தி அனுப்பியிருக்கேன். கடலை வெலதான் எறங்கிடுச்சு. அத நீங்க கேக்கவே இல்ல."

தென்றல் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "கேக்கலதான். மதிப்பு கொறஞ்சா சரக்கும் கொறஞ்சிருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

அவன் முகம் மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரு சிக்கல். மலேசியாக்காரர், 'உங்க ரூபா விழுந்துடுச்சு, உங்களுக்குத்தான் லாபம், டாலர் வெலைய கொறைங்க'ன்றார். கொறைச்சா வருஷம் முழுக்க அதே வெலதான். மாட்டேன்னா வேற ஆளப் பாத்துப்பாரு. எங்க கிட்ட ஜாஸ்தி சரக்கு வாங்கறதே அவர்தான்."

"கப்பல் வாடகை எதுல கட்டறீங்க?"

"டாலர்லதான். அது ஏறிடுச்சு. பேக்கிங் கவரும் வெளிநாட்டுச் சரக்கு, அதுவும் ஏறிடுச்சு."

"அப்ப லாபம் முழுசா உங்க கைக்கு வரல. நடுவுல ரூபா திரும்ப ஏறிடுச்சுன்னா?"

"செத்தேன்."

அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினார்கள். இப்போதைக்கு விலை குறைக்க முடியாது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். காபி ஆடை கட்டியது. அவன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் மெனு அட்டையைத் தலைகீழாகப் படித்தாள்.

"ஒத்துக்கிட்டாரு!"

வளவன் போட்ட சத்தத்தில் ஓரமாகத் தியானத்தில் இருந்த வெள்ளைக்காரர் கண் திறந்தார்.

4

முடிவு ஒன்று: ஆவணியில் கல்யாணம், ரேணுகாம்பாள் கையால் எல்லாருக்கும் கடலை உருண்டை. முடிவு இரண்டு: நண்பர்களாகவே பிரிகிறார்கள், ஒரு நல்ல மழை. இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

"அம்மா கேட்டுக்கினே இருக்காங்க" என்றான் வளவன். "நான் இன்னான்னு சொல்றது?"

தென்றல் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். "மாசாமாசம் ஏற்றுமதிக் கணக்கு வருது இல்ல? மொதல்ல வர்றது தற்காலிகக் கணக்கு. முழு விவரமும் வந்தப்புறம் திருத்துவாங்க."

"ஆமாங்க."

"சரின்னு சொல்லுங்க. தற்காலிகமா."

அவள் ஸ்கூட்டியில் கிளம்பிப் போய்விட்டாள். அவன் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. போனால் தெரிந்துவிடும். திருத்திய கணக்கை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் தொடங்கித் தருகிறேன்:

முழு விவரமும் வந்தபிறகு, தென்றல்—